தங்கையை எம்.எல்.டி. படிக்க வைக்க எது கட்டுப்படியாகும்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறீர்கள். தங்கை அரசுப் பள்ளியில் உயிரியல் பிரிவு எடுத்து ப்ளஸ் டூவில் 600-க்கு 467 வாங்கியிருக்கிறாள். அப்பா இல்லை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். லேப் டெக்னீஷியன் ஆக வேண்டும் என்பது தங்கையின் ஆசை. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. உங்களுக்குக் காட்டப்பட்ட வழிகள் மூன்று: ஏஜென்ட் ஒருவர் சொல்லும் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. எம்.எல்.டி. (மெடிக்கல் லேபரட்டரி டெக்னாலஜி, அதாவது மருத்துவ ஆய்வகப் பட்டப்படிப்பு), ஆண்டுக்கு 1,40,000 ரூபாய். ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பாராமெடிக்கல் நிறுவனத்தில் ஒரு வருட டி.எம்.எல்.டி. (அதே துறையில் டிப்ளமோ), மொத்தமே 45,000. பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, கிட்டத்தட்ட செலவே இல்லை. இதில் எது கட்டுப்படியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 26 வருடமாக மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். டிப்ளமோவில் தொடங்கி, வேலை பார்த்துக்கொண்டே மேலே படித்தவள். இப்போது எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த மூன்றில் எதற்கும் இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். யாரும் உங்களிடம் சொல்லாத நாலாவது வழி ஒன்று இருக்கிறது. அதை முதலில் முயற்சி செய்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

அதுதான் அரசுக் கலந்தாய்வு. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. மெடிக்கல் லேபரட்டரி டெக்னாலஜி உள்ளிட்ட பாராமெடிக்கல் பட்டப்படிப்புகளுக்கு, மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஒவ்வொரு ஆண்டும் விண்ணப்பம் வாங்குகிறது. நீட் தேவையில்லை. ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலில் எடுத்த மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் இடங்களும், தனியார் கல்லூரிகள் அரசுக்குக் கொடுக்கும் ஒதுக்கீட்டு இடங்களும் இந்தக் கலந்தாய்வில்தான் நிரம்பும். பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். மூன்று வருடம் படிப்பு, அதன் மேல் ஒரு வருடம் கட்டாய உள்ளுறைப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்). அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். இரண்டு வருட டி.எம்.எல்.டி. டிப்ளமோவும் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறது. அதற்கான அறிவிப்பு தனியாக வரும், விண்ணப்பமும் தனி. பட்டப்படிப்புக்குப் போட்டுவிட்டோம் என்று இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டுக்கும் போடுங்கள்.

ஏஜென்ட்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் இதில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை. "சீட் முடியப்போகுது, இன்னைக்கே 25,000 கட்டி புக் பண்ணிடுங்க" என்று அவசரப்படுத்துவது கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்னால் உங்களைக் கட்டிப்போடத்தான். அதே கல்லூரியின் பெயர் கலந்தாய்வுப் பட்டியலில் அரசு ஒதுக்கீட்டில் இருந்தாலும் இருக்கலாம். அப்படி இருந்தால், அதே வகுப்பறையில் அதே பாடத்தை அதைவிடக் குறைந்த கட்டணத்தில் உங்கள் தங்கை படிக்க முடியும். தேர்வுக் குழு வெளியிடும் விவரக் குறிப்பேட்டைத் தரவிறக்கி, பொறுமையாக உட்கார்ந்து முழுவதையும் படியுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்து விடுங்கள். கடைசி நாளில் சான்றிதழ் வராமல் இடத்தை இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது அந்த 45,000 ரூபாய் படிப்புக்கு வருகிறேன். மூன்றில் உங்களுக்கு அதிகமாகத் தோன்றும் ஆசை இதன் மேல்தான் இருக்கும். ஒரே வருடம், வீட்டிலிருந்தே போய் வரலாம், கையில் உள்ள பணம் போதும். எனக்கு அதிகமாகப் பயம் வருவதும் இதன் மேல்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில், வார்டிலிருந்து வந்த ஒரு மாதிரியில் பொட்டாசியம் 9.8 என்று மெஷின் காட்டியது. சாதாரணமாக 3.5-இலிருந்து 5.1 வரை இருக்க வேண்டியது. 9.8 என்றால் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம். அதே மாதிரியில் கால்சியம் 4-க்கும் கீழே. வார்டுக்குப் போன் போட்டால், நோயாளி கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார் என்கிறார் நர்ஸ். ரத்தம் எடுத்த பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். எங்களிடம் புதிதாகப் பயிற்சிக்கு வந்தவள். சிவப்பு மூடி டியூபில் ரத்தம் கொஞ்சம் குறைவாக இருந்ததாம், ஊதா மூடி டியூபில் அதிகமாக இருந்ததாம், அதிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டாள்.

ஊதா மூடி டியூபின் உள்ளே ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு தடவியிருப்பார்கள். அது பொட்டாசியம் உப்பு. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது ரத்தத்தை உறையாமல் தடுக்கிறது. ஆகவே, அதிலிருந்து சில சொட்டு அடுத்த டியூபுக்குப் போனாலே பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். அந்த அறிக்கை அப்படியே போயிருந்தால், நன்றாக இருக்கும் மனிதருக்குப் பொட்டாசியத்தைக் குறைக்க இன்சுலின் ஏற்றியிருப்பார்கள்.

அந்தப் பெண் சோம்பேறி இல்லை, நல்ல புத்திசாலி. அவள் படித்த இடத்தில் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஒரு கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, 40 பிள்ளைகளுக்கு ஒரே மைக்ராஸ்கோப், நோயாளியே இல்லாத கல்லூரி. படிப்பு முழுவதும் நோட்டில்தான். பிறகு எங்களிடம் ஒன்றரை வருடம் இருந்து எல்லாம் கற்றுக்கொண்டாள். ஆனால் அவள் சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகமும் தந்தது இல்லை என்பதால் எங்கள் மருத்துவமனையில் நிரந்தர வேலைக்கு எடுக்க முடியவில்லை. இன்றைக்கு ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுக்கும் வேலை மட்டும் பார்க்கிறாள். அவள் வீட்டில் நகையை அடகு வைத்துத்தான் அந்தக் கட்டணத்தைக் கட்டினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது ஆறாது.

சட்டமும் இப்போது மாறிவிட்டது. 2021-இல் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டம் வந்தது. நர்ஸ்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் கவுன்சில் இருப்பதுபோல் நம் தொழிலுக்கும் பதிவேடு வேண்டும் என்று எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம், அது இந்தச் சட்டத்தில்தான் கிடைத்தது. அதில் மருத்துவ ஆய்வகத் துறை முதல் பிரிவாகவே இருக்கிறது. துணைநிலைத் தொழிலர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகளில் படித்த டிப்ளமோவோ பட்டமோ இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு மேல் நிலையில் இருக்கும் சுகாதாரத் தொழிலர் என்றால் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு, மூன்றிலிருந்து ஆறு ஆண்டுகள். ஒரு வருடப் படிப்பு இந்த இரண்டிலும் வராது என்பதை நீங்களே பார்க்கலாம். இனி போகப்போகப் பதிவு எண் இல்லாமல் வேலை கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டே போகும். தங்கைக்கு முன்னால் முப்பது, முப்பத்தைந்து வருட வேலைக்காலம் இருக்கிறது.

போர்டில் 'தேசிய', 'பாரத', 'கவுன்சில்', 'மத்திய அரசு பதிவு பெற்றது' என்று இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஒரு சங்கத்தையோ அறக்கட்டளையையோ யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். அது படிப்புக்குக் கிடைத்த அங்கீகாரம் ஆகாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "தேர்வு நடத்தி மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போடுவது யார்?" மருத்துவப் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்வி இயக்ககம், அல்லது பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகம் என்று பதில் வந்தால் மேலே பேசலாம். வேறு எந்தப் பெயர் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

தொலைநிலையில், ஆன்லைனில் பி.எஸ்சி. எம்.எல்.டி. என்று உங்கள் போனில் விளம்பரம் வரத் தொடங்கியிருக்கும். அதையும் விட்டுவிடுங்கள். அந்த 2021 சட்டத்தில் அடங்கும் சுகாதாரப் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யூ.ஜி.சி. 2025-இல் சொல்லிவிட்டது.

மைக்ரோபயாலஜி விஷயம் வேறு. அது நல்ல படிப்பு, அரசு கலைக் கல்லூரியில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், செலவும் இல்லை. ஆனால் அது லேப் டெக்னீஷியன் படிப்பு இல்லை. அதில் பாக்டீரியா, வைரஸ், நொதித்தல், உணவு, மண் எல்லாம் வரும். நோயாளியிடம் ரத்தம் எடுப்பதும், ரத்த வங்கியில் கிராஸ்மேட்ச் (ஏற்றப்போகும் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்ற சோதனை) போடுவதும், திசுவை மெழுகில் வைத்துச் சீவுவதும் வராது. உணவுத் தொழிற்சாலை, மருந்துக் கம்பெனி, ஆராய்ச்சி, ஆசிரியர் வேலை என்றால் அது சரியான வழி. மருத்துவமனை ஆய்வகம்தான் வேண்டும் என்றால், மூன்று வருடம் கழித்து மறுபடியும் டி.எம்.எல்.டி. சேர வேண்டிவரும். அப்படி வந்தவர்கள் எங்களிடமே இரண்டு பேர் இருக்கிறார்கள். பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜிக்கும் இதே பதில்தான்.

சட்டத்தில் படிப்பின் பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம்: ரத்த வங்கி டெக்னீஷியனாக இருக்க, எம்.எல்.டி. பட்டமும் ஆறு மாத அனுபவமும், அல்லது எம்.எல்.டி. டிப்ளமோவும் ஒரு வருட அனுபவமும் வேண்டும் என்கின்றன மருந்து விதிகள். அந்தப் பட்டமும் டிப்ளமோவும் மத்திய அல்லது மாநில அரசு அங்கீகரித்த இடத்திலிருந்து வாங்கியதாகவும் இருக்க வேண்டும். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் சான்றிதழை வாங்கி இதைத்தான் பார்ப்பார்கள்.

அரசு வேலை ஆசை இருந்தால் இன்னொன்று. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி., லேப் டெக்னீஷியன் பணிக்கு ஆள் எடுக்கும்போது, அறிவிப்பில் கல்வித் தகுதி என்ற பகுதியில் எந்தப் படிப்பு, எத்தனை வருடம், எந்த அமைப்பு தந்தது என்பதைப் பெயர் சொல்லியே கேட்கும். பட்டம் பெரியது, டிப்ளமோ சின்னது, ஆகவே பட்டம் இருந்தால் எல்லாவற்றுக்கும் போகலாம் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. வாரியத்தின் பழைய அறிவிப்புகளை எடுத்து அந்தப் பகுதியை மட்டும் படித்துப் பாருங்கள். சேர்வதற்கு முன் படித்தால் பத்து நிமிட வேலை. சேர்ந்த பிறகு தெரிந்தால் எதுவும் செய்ய முடியாது.

இனி அந்தத் தனியார் கல்லூரி. 1,40,000 என்பது வெறும் கல்விக் கட்டணம். மூன்று வருடத்துக்கு 4,20,000. விடுதியும் சாப்பாடும் ஆண்டுக்கு 70,000 என்று வையுங்கள், நாலு வருடத்துக்கு 2,80,000. ஏழு லட்சம் ஆகிவிட்டது. இதில் தேர்வுக் கட்டணம், சீருடை, ரெக்கார்டு நோட்டு, உள்ளுறைப் பயிற்சி ஆண்டுக்கு என்று தனியாகக் கேட்கும் பணம் எதையும் நான் சேர்க்கவில்லை. இந்த ஏழு லட்சத்தையும் பத்தரை சதவீத வட்டியில் கடன் வாங்கிப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை 9,400 ரூபாய்க்கு மேல் வரும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. எங்கள் பக்கத்தில் சின்ன ஆய்வகங்களில் புதிதாகச் சேரும் டெக்னீஷியனுக்குக் கிடைப்பது மாதம் 10,000-இலிருந்து 15,000 வரைதான். இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அம்மாவையும் தங்கையையும் உட்கார வைத்துக் காட்டுங்கள். தங்கை முதல் சம்பளத்தை வாங்கி வங்கியில் கட்டிவிட்டு, பஸ்ஸுக்கு உங்களிடம் காசு கேட்டு நிற்கும் நிலை வரக் கூடாது.

தனியார் கல்லூரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனக்கென்று பெரிய மருத்துவமனை வைத்து, நன்றாகச் சொல்லித்தரும் தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேர்க்கலாம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ப்பது என்றால், எல்லாச் செலவும் சேர்த்து மூன்றரை லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் மட்டும் பாருங்கள். இது என் கணக்கு. உங்கள் குடும்ப வருமானத்தை வைத்துச் சொல்கிறேன்.

வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. இரண்டிலும் கட்டணம் குறைவு, பயிற்சி மிக நன்றாக இருக்கும், இடங்கள் கொஞ்சம்தான். நாடு முழுவதும் உள்ள ஆய்வகங்கள் தங்கள் முடிவு சரியா என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும் வெளித்தரச் சோதனைத் திட்டம் ஒன்றையும் சி.எம்.சி. நடத்துகிறது. நாங்களும் மாதாமாதம் அவர்கள் அனுப்பும் மாதிரியைப் போட்டு முடிவை அனுப்புவோம். சி.எம்.சி.க்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வு. ஜிப்மரில் நீட் மதிப்பெண் கேட்கிறார்கள், தங்கை நீட் எழுதவில்லை என்பதால் இந்த ஆண்டு அது கிடையாது.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தங்கையோடு நேரில் போங்கள். கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம், அதனோடு சேர்ந்த மருத்துவமனையைப் பாருங்கள். காலை எட்டரை மணிக்கு ரத்தம் எடுக்கும் இடத்தில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்? வரிசையே இல்லை என்றால் அங்கே பிள்ளைகள் எதைத் தொட்டுக் கற்றுக்கொள்வார்கள்? அப்புறம் லேபுக்குப் போய், ஒரு நாளைக்கு எத்தனை ரத்த அணு எண்ணிக்கை சோதனை வருகிறது என்று கேளுங்கள். ரத்த வங்கி இருக்கிறதா, கிருமி வளர்ப்புச் சோதனை அங்கேயே செய்கிறார்களா இல்லை வெளியே அனுப்புகிறார்களா, திசு ஆய்வு உண்டா என்று கேளுங்கள். உள்ளுறைப் பயிற்சி எங்கே நடக்கும், அதற்கு உதவித்தொகை உண்டா இல்லை நாம்தான் பணம் கட்ட வேண்டுமா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

முடிந்தால் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை யாரையாவது ஒரு ரத்த ஸ்மியர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் ஒரு சிறு சொட்டு ரத்தம் வைத்து, இன்னொரு சில்லைச் சாய்த்துப் பிடித்து அந்தச் சொட்டைத் தொட்டு, அது ஓரம் முழுக்கப் பரவியதும் ஒரே இழுப்பில் தள்ள வேண்டும். நன்றாக வந்தால் நாக்கு வடிவத்தில் இருக்கும். தொடக்கத்தில் தடித்து, போகப்போக மெலிந்து, நுனியில் வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக வானவில் நிறம் தெரியும். சில்லின் முக்கால் பாகத்தில் முடிந்துவிடும். கை நடுங்கினால் வரி வரியாக வரும், மெதுவாகத் தள்ளினால் வெள்ளை அணுக்கள் எல்லாம் வாலில் போய்ச் சேர்ந்துவிடும். மலேரியா இருக்கிறதா, ரத்தப் புற்றுநோய் அணு இருக்கிறதா என்று பார்ப்பது இப்படிப் போட்ட ஸ்மியரில்தான். நூறு முறை போட்டால்தான் கை பழகும். இரண்டாம் ஆண்டு முடியும் நேரத்தில் ஒரு பிள்ளைக்கு இது வரவில்லை என்றால், அந்தக் கல்லூரியில் வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

லேப் சுவரிலோ கோப்பிலோ லெவி-ஜென்னிங்ஸ் வரைபடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு நாளும் நோயாளிகளின் மாதிரியைப் போடுவதற்கு முன், அளவு தெரிந்த ஒரு மாதிரியை மெஷினில் போட்டு, வந்த எண்ணைப் புள்ளியாக வைப்போம். புள்ளிகள் நடுக்கோட்டுக்குச் சுற்றிலும் இருந்தால் அன்றைய முடிவை நம்பலாம். ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனால் மெஷினிலோ சோதனைக்குப் போடும் ரசாயனத்திலோ ஏதோ கோளாறு. நேற்றைய தேதி வரை புள்ளி இருக்கும் இடத்தில் படிக்கும் பிள்ளை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளும். என்.ஏ.பி.எல். தரச்சான்று பெற்ற ஆய்வகம் என்றால் இதெல்லாம் கட்டாயம் இருக்கும்.

சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும், கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யூ.ஜி.சி. 2018-இலேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டு, பாதியில் விலகினால் முழுப் படிப்புக்கும் பணம் கட்டு என்று கேட்கும் இடங்கள் இருக்கின்றன.

பணம் எங்கிருந்து வரும் என்று பார்ப்போம். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். பட்டத்துக்கும் உண்டு, டிப்ளமோவுக்கும் உண்டு. மூன்று வருடத்தில் 36,000. அரசுக் கல்லூரியில் கட்டணமே இதற்குள் அடங்கிவிடக் கூடும். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கே இருக்கும் பொறுப்பு ஆசிரியரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் என்ன சமூகம் என்று சொல்லவில்லை. எஸ்.சி., எஸ்.டி. என்றால், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. தனியார் கல்லூரிச் சேர்க்கையிலும் இது பெரிய உதவி. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறைகளுக்குக் கல்லூரி மாணவியர் விடுதிகள் இருக்கின்றன. தங்குவதும் சாப்பாடும் இலவசம். மேலே போட்ட கணக்கில் விடுதிச் செலவு மட்டும் 2,80,000 வந்ததே, அது அப்படியே மிச்சம். விடுதி எந்த நிலையில் இருக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கல்விக் கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால், வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள். 4 லட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்க மாட்டார்கள். 7.5 லட்சம் வரையும் பிணையம் இல்லாமல் தர வங்கிகளுக்கு வழி இருக்கிறது. ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்னதும் மேனேஜர் தயங்கினால் கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத கல்லூரி என்பதால்தான் பல நேரம் மறுப்பார்கள். நமக்குத் தெரியாததை அவர்கள் விசாரித்து வைத்திருப்பார்கள்.

வளைகுடா நாட்டுக்குப் போகலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். போகலாம், எங்களிடம் வேலை பார்த்த நாலைந்து பேர் அங்கே இருக்கிறார்கள். அங்கே லைசென்ஸ் வாங்க, சான்றிதழ் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனம் நேராகப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்கும். பல்கலைக்கழகப் பட்டமும், சில வருட அனுபவச் சான்றும் இருந்தால் வழி திறக்கும். பேருந்து நிலையத்துச் சான்றிதழ் அங்கே முதல் நாளே திரும்பிவிடும்.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அரசு மருத்துவக் கல்லூரி பி.எஸ்சி. எம்.எல்.டி.க்கு முயற்சி செய்வேன். 467 மதிப்பெண்ணுக்கு அது உறுதி என்று சொல்ல மாட்டேன், இடங்கள் குறைவு, போட்டி அதிகம். கிடைக்கவில்லை என்றால் அரசு டி.எம்.எல்.டி.யை இரண்டாம் தரமாக நினைக்காமல் சேர்த்துவிடுவேன். உங்கள் வீட்டு நிலைமைக்கு அதுவே முதல் இடத்தில் இருந்தாலும் தவறில்லை. இரண்டே வருடம், பெரிய மருத்துவமனையில் பயிற்சி, கடன் இல்லை, இருபது வயதில் சம்பளம். டிப்ளமோ முடித்தவர்களைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்க்கும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. வேலைக்குப் போய் இரண்டு வருடம் சேமித்துவிட்டு அவள் மேலே படிக்கலாம். நான் அப்படித்தான் படித்தேன். அதுவும் கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம். அந்த ஒரு வருடப் படிப்பு எந்த நிலையிலும் வேண்டாம். இந்த ஆண்டு எதுவுமே அமையவில்லை என்றால், அடுத்த ஆண்டுக்குக் காத்திருப்பது கூட அதைவிட மேல்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. உங்கள் ஊர் அரசு மருத்துவமனை லேபில் இருக்கும் டெக்னீஷியன் அக்காவையோ அண்ணனையோ போய்ப் பார்த்து, தங்கையை ஒரு காலை மட்டும் ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். காலையில் சளிக் கோப்பைகள் வரும், மலம், சிறுநீர் வரும், அழுகிற குழந்தைக்கு நரம்பு தேட வேண்டியிருக்கும். ஊசி குத்திக்கொள்ளும் ஆபத்து எங்கள் எல்லோருக்கும் உண்டு, அதனால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையையும் சேருவதற்கு முன்பே போட ஆரம்பித்துவிடச் சொல்லுங்கள். அவளுக்கு நிறக்குருடு இருக்கிறதா என்று கண் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். காசநோய்க் கிருமி நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடாகத்தான் தெரியும், அந்த இரண்டு நிறத்தையும் பிரித்துப் பார்க்கும் கண் வேண்டும். பார்த்துவிட்டு வந்து சாயங்காலம் அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். விவரக் குறிப்பேடு வந்ததும், எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடுவது என்று பட்டியலை இங்கே எழுதுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.